சிக்னலில் நின்றால் ஏசி குளிரவில்லையா? கம்ப்ரஸருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரே கோளாறுக்காக, ஒரே கடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று தடவையாக 23,700 ரூபாய் கட்டினேன். அதே கோளாறு பின்னர் வேறோர் இடத்தில், ஒரு முற்பகலுக்குள், 4,600 ரூபாயில் சரியாகிவிட்டது. கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்த வித்தை அந்த ஒரு கடைக்கு மட்டும் சொந்தமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அது எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2013ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் எழுபது, எண்பதில் போகும்போது பின்னிருக்கையில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிரும். திரும்பி வரும்போது குரோம்பேட்டையிலோ, கத்திப்பாராவை நெருங்கும் நெரிசலிலோ நின்றுவிட்டால், இரண்டு நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகி, ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடியை இறக்கிவிடுவதே மேல் என்ற நிலை வந்துவிடும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்தால் மறுபடியும் குளிரும். இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் மட்டும் எப்போதும் நடுவிலேயே இருந்தது. இதையெல்லாம் கடையில் முதல் நாளே ஒன்றுவிடாமல் சொன்னேன். தொழில் தெரிந்தவருக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

முதல் தடவை, "கேஸ் கம்மி சார், டாப்-அப் பண்ணினா போதும்" என்றார்கள். குளிர்விக்கும் கேஸ் ஓடும் குழாய்களில் அழுத்தம் குறைந்த பக்கம் (லோ சைடு), கூடிய பக்கம் (ஹை சைடு) இரண்டிலும் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு கேஸ் உள்ளே இருக்கிறது, எவ்வளவு போட்டார்கள் என்பதை எடை போட்டும் பார்க்கவில்லை. சிலிண்டரிலிருந்து ஒரு குழாயை இழுத்து மாட்டி, உள்ளே உட்கார்ந்த பையன் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, "சில்லுன்னு வருதா, கைய வச்சுப் பாருங்க" என்று என்னைக் கேட்டார்கள். வந்தது. 1,800 ரூபாய். மறுநாள் காலை அதே சிக்னலில் அதே வெக்கை. முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே எனக்குப் பட்டது.

இரண்டாம் தடவை காருக்குள் வரும் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலில் அடைப்பு, அதற்குக் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்ற வேண்டும் என்று 3,400 ரூபாய். மூன்றாம் தடவை பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "கம்ப்ரஸர் போச்சு சார். ஐடிலிங்ல பிரஷர் கட்ட மாட்டேங்குது" என்றார் கடை உரிமையாளர். கேஸை அழுத்தி அனுப்புவது கம்ப்ரஸர்; வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது ஐடிலிங். கத்திரி வெயில் அப்போதுதான் முடிந்திருந்தது. அம்மாவை வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. புதிய கம்ப்ரஸருக்கு 18,500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். சம்மதித்தேன். பில் கேட்டதற்கு, வரி போட்டால் இன்னும் பதினெட்டு சதவீதம் ஏறும் என்றார். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையிலேயே இருந்துகொண்டு ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் தொழில் நடத்துகிற கடை அது என்று என் மனைவி பிறகு சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பழைய கம்ப்ரஸரைக் கொடுங்கள் என்றேன். பழசைக் கழித்துக்கொண்டுதான் விலை சொன்னதாகப் பதில் வந்தது.

இந்த மூன்று தடவையும் நான் கண்ணால் பார்த்தும் பொருள் புரியாமல் விட்ட ஒன்று உண்டு. வண்டியைச் சோதித்துக் காட்டும்போதெல்லாம், அதன் முகப்புக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், ஆளுயரப் பெடஸ்டல் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்கிற பையன்களுக்கு வியர்க்கும், அதற்காக வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

உண்மையில் அந்த ஃபேன் என் காருக்குத்தான் வீசிக்கொண்டிருந்தது. ஏசியின் வேலை காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவது. கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் கேஸ் மிகுந்த சூட்டோடு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு வெப்பத்தை இழந்து திரவமாகி, அதன் பிறகே எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் கூலிங் காயிலுக்குப் போய் நம்மைக் குளிரவைக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைத் தழுவிப் போய்விடும். நிற்கும்போது அந்த வேலையை ஒரு சிறிய மின்விசிறி செய்தாக வேண்டும். அது சோர்ந்துவிட்டால் கண்டென்சரில் வெப்பம் தேங்கி, அழுத்தம் ஏறி, குளிர்ச்சி விழுந்துவிடும். பல வண்டிகளில் அழுத்தம் 400 பிஎஸ்ஐக்கு மேல் போனால் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். ஆக, ஓடினால் குளிர்கிறது, நின்றால் குளிரவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அந்த ஃபேன். என் வண்டியில் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் தனித்தனி ஃபேன் இருப்பதால்தான் இன்ஜின் சூடேறாமல் ஏசி மட்டும் தவித்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு புளியமரத்தடியில் தொழில் செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அறுபதைத் தாண்டியவர். ஹாரன் சரிசெய்யப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "எத்தனை ரூபா குடுத்தீங்கன்னு அப்புறம் சொல்லுங்க தம்பி, முதல்ல ஏசியப் போடுங்க" என்றார். அன்றைய தினசரியில் பாதித் தாளைக் கிழித்து, வண்டியின் முகப்பு வழியாகக் கண்டென்சர் மீது வைத்துக் கையை எடுத்தார். பின்னாலிருந்து ஃபேன் காற்றை இழுக்கிற இழுப்பில் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அது ஒரு நொடி தயங்கி, மெல்லச் சரிந்து, பம்பருக்குள் விழுந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போன்ற வேகத்தில். கடையில் கேட்டபோது "ஃபேன் ஓடுது பாருங்க" என்று எனக்குக் காட்டியதும் இந்த ஓட்டத்தைத்தான்.

பிறகு கேஜ் மாட்டினார். ஐடிலில் லோ சைடு 65, ஹை சைடு 330 பிஎஸ்ஐ; இரண்டுமே இருக்க வேண்டியதைவிட அதிகம். காற்று வரும் துவாரத்தில் செருகிய வெப்பமானி 23 டிகிரி காட்டியது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, மக்கினால் மொண்டு, கண்டென்சர் மீது மட்டும் படும்படி நிதானமாக ஊற்றினார். ஹை சைடு முள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி 220க்கு வந்தது. ஒரு நிமிடத்தில் துவாரத்தில் 15 டிகிரி. "கம்ப்ரஸர் செத்திருந்தா தண்ணி ஊத்தினா பொழைக்குமா?" என்று கேட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தார். ஃபேனின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்தும் பார்த்தார். அப்போதும் அதே சோம்பல். ரிலே, ஃபியூஸ், வயரிங் எதிலும் குறையில்லை, மோட்டாரே தேய்ந்துவிட்டது என்பது அதோடு உறுதியாயிற்று. கழற்றியபோது உள்ளே, மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுக்கு மிஞ்சியிருந்தது.

கணக்கையும் எழுதிவிடுகிறேன்: புதிய மோட்டார் 2,200, கூலி 500, பழைய கேஸை இறக்கி, வேக்யூம் போட்டு, அளந்து நிரப்ப 1,900. இறக்கும்போது, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாள் 400 கிராம் என்று சொல்லும் என் வண்டியிலிருந்து 560 கிராம் வெளியே வந்தது. அளவுக்கு மீறிய கேஸ் குளிரைக் கூட்டாது. கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் இன்னும் ஏறும். சோர்ந்த ஃபேனோடு சேர்ந்து இதுவும் என்னை வேகவைத்திருக்கிறது. கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ், வீட்டு சிலிண்டரைப் போல எரிந்து தீரும் பொருளன்று; மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடாமல், எடை போடாமல் "டாப்-அப்" என்று சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நின்றால் குளிரவில்லை என்றாலே எப்போதும் ஃபேன்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கேஸ் குறைந்திருந்தாலும் அது முதலில் ஐடிலில்தான் தெரியும். அப்போது இரண்டு கேஜும் தாழ்ந்து இருக்கும். கண்டென்சரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் ஃபேன் நன்றாக ஓடியும் இரண்டும் ஏறி இருக்கும். கம்ப்ரஸர் உண்மையாகவே தேய்ந்திருந்தால் லோ சைடு ஏறியும் ஹை சைடு இறங்கியும் நிற்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஓரளவு தேறும். வேறுபாடு கேஜில் தெரிந்துவிடும். 18,500 ரூபாய் கேட்டவர் எனக்கு அந்த இரண்டு எண்களை ஒருமுறைகூடக் காட்டவில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அதுதான் என்னை இதை எழுத வைத்தது. பாய் வண்டிக்கு அடியில் படுத்து, "புது கம்ப்ரஸர்னு சொன்னீங்களே, இதா?" என்று கேட்டார். நானும் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். ஆனால் அடிப்பக்கத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு, பிறை போல் வளைந்த ஒரு பள்ளம். 2021 மழையில் ஒரு குழியில் இறங்கி, அடித்தகடு கிழிந்து, கருங்கல் உரசிய வடு அது. அன்று காப்பீட்டுக்காக எடுத்த படம் என் கைபேசியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே பள்ளம், அதே இடம். உள்ளே பெயிண்ட் மட்டும் புதிது. போல்ட் தலைகளின் மேலும் பெயிண்ட் உடையாமல் படிந்திருந்தது, அதாவது பெயிண்ட் அடித்த பிறகு ஸ்பேனரே அதில் படவில்லை. கம்ப்ரஸரை அவர்கள் கழற்றக்கூட இல்லை.

கடைக்குப் போனேன். முதலில் உரிமையாளர் ஊரில் இல்லை. பிறகு வேலை செய்த பையன் நின்றுவிட்டான். அதன் பிறகு, உரிமையாளரிடமே படத்தைக் காட்டியதும், "ரீகண்டிஷன் கம்ப்ரஸர்ல இந்த மாதிரி அடி இருக்கத்தான் செய்யும் சார்" என்றார். அதாவது பழசைச் சரிசெய்து மாட்டியதாம். அப்படியென்றால் வாட்ஸ்அப்பில் புதியது என்று எழுதியது ஏன் என்பதற்குப் பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்தேன். வாட்ஸ்அப் செய்தி, மூன்று யூபிஐ ரசீதுகள், இரண்டு படங்கள் ஆகியவற்றை இணைத்து, பதினைந்து நாளில் பணத்தைத் திருப்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பில் இல்லாதது எனக்குப் பலவீனம்தான். ஆயினும் விலையை அவரே எழுதி அனுப்பியிருந்தது கைகொடுத்தது.

பன்னிரண்டாம் நாள், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், என் கணக்குக்கு 11,000 ரூபாய் வந்து விழுந்தது. மீதி 12,700க்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை கத்திப்பாராவுக்கு முன்னால் பதினெட்டு நிமிடம் நின்றோம். துவாரத்தில் வெப்பமானி 11 டிகிரியிலேயே இருந்தது. காற்றைக் கொஞ்சம் குறைக்கும்படி அம்மா சொன்னார்.