லார்டா, பில்லி ஐலிஷா: எந்த முதல் ஆல்பம்?
சோகப் பாப் கேட்கத் தொடங்குபவர்களுக்குப் பாடகி லார்டின் முதல் ஆல்பமான ‘ப்யூர் ஹீரோயின்’ (2013) நல்லதா, பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பமான ‘வென் வீ ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டூ வீ கோ?’ (2019) நல்லதா?

நியூசிலாந்துக்காரரான லார்டுக்கு அப்போது வயது 16. ஜோயல் லிட்டிலின் தயாரிப்பு. டிரம், பேஸ் (அடிநாதமாக வரும் கனத்த ஒலி), அடுக்கடுக்காக லார்டின் குரல்; பெரும்பாலும் அவ்வளவுதான். ஓவென்று அழும் சோகம் இல்லை. புறநகர்ச் சலிப்பும், வயது ஏறிவிடுமோ என்ற பயமும்தான். வரிகளைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு ஏற்றது.

பில்லிக்கு 17. அண்ணன் ஃபினியஸுடன் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கியது. கிசுகிசுக்கும் குரல், அடியில் உறுமும் பேஸ். ஒரு பாட்டில் பல் மருத்துவரின் கருவிச் சத்தம்கூட உண்டு! ஹெட்போன் இருந்தால் இது. என் ஓட்டு லார்டுக்கே. பில்லியிடம் சில இடங்களில் திகில் சோகத்தை விழுங்கிவிடுகிறது.