அப்புத்தளை: காலை பத்து மணியோடு முடிந்துபோகும் ஊர்

இலங்கை மலைநாட்டில், எல்லவுக்குப் போகிற வழியில் ஓர் இரவு தங்கிப் பார்த்துவிடலாம் என்று அப்புத்தளையில் இறங்குகிறவர்கள்தான் இந்த ஊரைப் பற்றி அதிகம் குறை சொல்கிறார்கள். "போனோம், ஒரே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை." அவர்கள் சொல்வது பொய்யில்லை. பகல் கோச்சியில் (ரயிலில்) வந்தால் இறங்கும்போது பின்னேரமாகியிருக்கும், அந்த நேரத்தில் ஊரே வெள்ளைத் துணி போர்த்தியதுபோல இருக்கும். மறுநாள் எட்டு மணிக்கு எழும்பி, ஆறுதலாகச் சாப்பிட்டு, பத்து மணிக்கு லிப்டன் சீட் என்னும் மலையுச்சிப் பாறை மேடைக்குக் கிளம்பினால் அங்கும் அதே வெள்ளைத் துணிதான். அப்புத்தளைக்கு வேண்டியது இரண்டு இரவு, இரண்டு விடியற்காலை. அது முடியாதென்றால் நேரே பண்டாரவளைக்கோ எல்லவுக்கோ போய்விடலாம்.

இதற்குக் காரணம் ஊரின் இருப்பு. கடல் மட்டத்திலிருந்து 1431 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலை முதுகின் மேல் கடைத்தெருவும் ரயில் பாதையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தெற்குப் பக்கம் மலை சடாரென்று தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. வெயில் ஏறியதும் கீழே சூடாகும் ஈரக்காற்று இந்தச் சரிவில் மேலேறி, முகட்டைத் தொடும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஆகவே நல்ல நாளிலும் ஒன்பதரை, பத்துக்குமேல் தெற்குக் காட்சியை நம்பக்கூடாது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால் உடவளவை நீர்த்தேக்கம் தகடுபோல மின்னுவது தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு நம்பிக்கையானது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, ஆனால் காற்று ஆளைத் தள்ளும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மண்சரிவும். காட்சிக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

வரும் வழிக்கு முதல் மதிப்பெண் கோச்சிக்குத்தான். நானுஓயாவுக்குப் பிறகு பட்டிப்பொல வரும். 1891 மீற்றரில் இருக்கும் அதுதான் இலங்கையின் உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டி, ஒஹியவிலிருந்து சுரங்கங்கள் வழியாக இதல்கஸ்ஹின்னவுக்கு வந்து அப்புத்தளையை அடையும் துண்டுதான் முழுப் பாதையிலும் சிறந்தது. பதுளைத் திசையில் போகிறவர்கள் வலப்பக்கம் உட்கார வேண்டும். இதல்கஸ்ஹின்னவில் மட்டும் நிலையம் முகட்டின்மேலேயே நிற்பதால் இரு பக்கமும் பள்ளம். குளிரூட்டிய முதல் வகுப்பில் காசைக் கொட்ட வேண்டாம், அதன் ஜன்னல்கள் திறக்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் பதிவுசெய்த ஆசனம் போதும், ஆனால் பதிவு திறந்ததும் விற்றுத் தீர்ந்துவிடும். பதிவில்லாத பெட்டியில் ஏறினால் நானுஓயாவரை நிற்கத் தயாராக இருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் பிய்த்துப்போட்டது. எந்தத் துண்டில் கோச்சி ஓடுகிறது என்பதைப் புறப்படும் கிழமையில் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய நேர அட்டவணையை நம்ப வேண்டாம்.

பஸ் என்றால் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழி. பெரகலையிலிருந்து ஊருக்கு ஏறும் கடைசித் துண்டு வளைவும் செங்குத்துமானது. வயிறு பிரட்டுகிறவர்கள் பலாங்கொடையில் கொத்து ரொட்டியை முழுங்கிவிட்டு ஏறாதீர்கள்.

தங்குமிடங்களில் பெரும்பாலானவை குடும்பம் நடத்தும் சிறு விடுதிகள். அறை சுத்தம், சாப்பாடு நல்லது, பேச்சு தமிழிலேயே நடக்கும். குறைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. தெற்குச் சரிவைப் பார்த்த அறைதான் விலை கூடியது, காற்றுக் காலத்தில் ஜன்னல் இரவெல்லாம் தடதடப்பதும் அதே அறையில்தான். ஜூலையில் வந்தால் விலை குறைந்த பின்பக்க அறையை எடுங்கள், காட்சியை மொட்டைமாடியில் நின்று பார்த்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர் அனேகமாகக் குழாய் வாயிலேயே சூடாக்கும் சிறு மின்கருவியால்தான் வரும். தண்ணீரை முழு வேகத்தில் திறந்தால் சூடு பிடிக்காது. பாதி திறந்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் இல்லை. ஒரு கம்பளிதான் போட்டிருப்பார்கள், இன்னொன்றை மாலையிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி லிப்டன் சீட். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேதன்ன தோட்டத்தின் உச்சியில், ஏறக்குறைய 1970 மீற்றரில் இருக்கும் பாறை மேடை அது. ஊரிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைவரை சுமார் 10 கிலோமீற்றர், அங்கிருந்து மேலே இன்னும் 7. இந்த இரண்டு துண்டையும் கலந்துகட்டத் தெரிந்தால் செலவு பாதியாகும். சிறந்த முறை இது: முந்தின நாள் மாலையே ஓட்டோக்காரர் ஒருவரிடம் விலை பேசுங்கள். "அண்ணே, விடிய அஞ்சு மணிக்கு, மேல வரைக்கும், ஒரு பக்கம் மட்டும்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "மேல வரைக்கும்" என்பதை விட்டுவிட்டால் தொழிற்சாலையடியில் இறக்கிவிட்டு அதற்குமேல் தனிக் கணக்கு பேசுவார்கள். "ஒரு பக்கம்" என்று சொல்லாவிட்டால் காத்திருப்புக் காசும் சேரும். மேலே விடிவதைப் பார்த்துவிட்டு, 7 கிலோமீற்றரையும் நடந்து இறங்கி, தொழிற்சாலையடியில் பஸ் பிடித்து ஊருக்கு வாருங்கள். இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். இதையே தலைகீழாக, பஸ்ஸில் போய் நடந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குமேல் எடுக்கும், உச்சியை அடையும்போது மேகமும் கூடவே வந்து சேரும். வெளியூரார் பாதிப்பேர் செய்யும் தவறு இதுதான்.

மேலே நுழைவுக்குச் சிறு தொகை கேட்பார்கள், சில்லறையாக வைத்திருங்கள். லிப்டன் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் சிலையின் பக்கத்தில் படமெடுக்க வரிசை இருக்கும். அதை விட்டு முதலில் தெற்கு ஓரத்துக்குப் போங்கள், சிலை பனிமூட்டத்திலும் தெரியும். தேத்தண்ணிக் கடையில் ரொட்டியும் வடையும் கிடைக்கும். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து சுட்ட தடித்த ரொட்டி, கட்டசம்பலோடு. குளிரில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் விடியற்காலையிலேயே கடை திறந்திருக்கும் என்று எண்ணாமல் பையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

இறங்கும் வழி தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் தாண்டி வருகிறது. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைகள் தூரத்தைக் குறைக்கும், மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். காலுறைக்குமேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் அண்டாது. கொழுந்து பறிக்கிறவர்களை நிறுத்தி வைத்துப் படமெடுப்பது மட்டும் வேண்டாம். தோட்டம் குறித்த எடை நிறைந்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், நீங்கள் பிடித்து வைக்கும் பத்து நிமிடமும் அவர்களுடைய கிலோவிலிருந்துதான் போகிறது. நிறுவை நேரத்தில் தாமே ஓய்ந்து நிற்பார்கள். அப்போது "அக்கா, படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் அனேகமாகச் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

தம்பேதன்ன பஸ்ஸுக்கு முழு மதிப்பெண். தோட்டத்து மக்களுக்காக ஓடுவது, அடிக்கடி வரும், ஓட்டோவோடு பார்த்தால் கட்டணம் ஒன்றுமேயில்லை. பள்ளிக்கூட நேரம் தவிர்த்தால் உட்காரவும் இடம் கிடைக்கும். காலை ஆறரையிலிருந்து ஏழரை வரையும், பள்ளி விடும் ஒன்றரை மணிக்குப் பிறகும் பெரிய பையோடு ஏறாதீர்கள். பிள்ளைகளுக்கு வேறு வண்டி இல்லை.

தொழிற்சாலையை, தோட்டத்தார் வாயில் 'ஸ்டோரை', பார்க்க நாள் தேர்ந்து போக வேண்டும். பறித்த கொழுந்து தொட்டிகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் வாடி, ஈரத்தில் பாதியளவை இழந்த பிறகுதான் உருளைக்குப் போகும். ஆகவே ஞாயிறு பறிப்பு இல்லையென்றால் திங்கள் காலை உருளைகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். செவ்வாய் முதல் சனி வரை, காலையில் போனால் உருட்டல், புளிக்கவிடல், சூளை, சலிப்பு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். தீபாவளி, பொங்கல் நாட்களில் போகவே வேண்டாம், தோட்டமே ஊருக்குள் இருக்கும். ஒரு கிலோ தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். விளக்கம் தருகிறவர் அவசரமாக ஒப்பித்தால் சூளையடியில் நிறுத்தி, வெப்பம் கூடினால் தூள் என்னவாகும் என்று கேளுங்கள். மனப்பாடம் அறுந்து உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும்.

தேயிலை வாங்குவதில், அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்தின் பருவம் தெரிந்திருக்க வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் செடி வாடி, கொழுந்தில் ஒரு குளிர்ந்த, புதினாவைப்போன்ற வாசம் ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த மூன்று மாதம்தான். பொதியில் பறித்த மாதம் இருக்கிறதா என்று பாருங்கள், 'பருவத் தேயிலை' என்ற வாய்ச்சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு பி.ஓ.பி. என்னும் சற்றுப் பெரிய துகள் தரம், பால் தேத்தண்ணிக்கு அதைவிடப் பொடியான பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட். அழகான மரப்பெட்டியில் வரும் தூளின் விலையில் பாதி பெட்டிக்கு. ஒரு கோப்பைக்கு 2 கிராம், கொதிநீரில் மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் விட்டால் பி.ஓ.பி. நாக்கைப் பிடிக்கும்.

அடிசம் மாளிகை ஊரிலிருந்து மேற்கே 3 கிலோமீற்றர். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு, தாம் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார். இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளி விடுமுறை நாட்களில்தான் பார்வையாளரை விடுவார்கள். வார நாளில் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். உள்ளே பார்க்கக் கிடைப்பது வரவேற்பறையும் நூலகமும்தான், பத்து நிமிடத்தில் முடியும். நடந்து போவதற்குப் பலன் காட்டுவழியும், மடத்துக் கடையின் ஸ்ட்ரோபெரி ஜாமும் கொய்யா ஜெலியும். கொய்யா ஜெலியை எடுங்கள். ஸ்ட்ரோபெரி முதலில் தீர்வது பெயரால்தான், சீனி கொஞ்சம் கூட.

சாப்பாட்டில் ஊர் எளிமையானது. காலையில் இடியப்பம், பருப்பு, சம்பல். மதியச் சோறு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அதன்பின் கிடைப்பது ஆறிய கறி. மாலையில் சுடச்சுட உளுந்து வடை, இரவில் கொத்து. ஏழரைக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும், கடைசிக் கோச்சியில் வருகிறவர்கள் விடுதிக்குச் சொல்லி வைக்காவிட்டால் பிஸ்கட்தான். போயா அன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் கிடையாது. ஞாயிறு சந்தையில் லீக்ஸ், கரட், பீட்ரூட் எல்லாம் தோட்ட மண்ணோடு வந்து குவியும். விலை குறைவது மத்தியானம், தரம் இருப்பது காலை ஏழு மணிக்கு.

ஒரு எச்சரிக்கை. இதல்கஸ்ஹின்னவிலிருந்து தண்டவாளத்தில் நடந்து வரலாம் என்று இணையத்தில் படம் போடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம், பனிமூட்டத்தில் வளைவுக்கு அப்பால் வரும் கோச்சி கண்ணில் படாது, மலைச்சுவருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒதுங்க இடமிராது. அந்தக் காட்சி வேண்டுமென்றால் மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்து இதல்கஸ்ஹின்ன போய், மேடையில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த கோச்சியில் திரும்புங்கள். திரும்பும் கோச்சியின் நேரத்தை அங்கே இறங்கியதும் நிலைய அதிபரிடம் கேளுங்கள், தாமதம் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து.