அடிஸ் அபாபாவின் 'சிவப்புப் பயங்கரம்' நினைவு அருங்காட்சியகம்: பார்க்கப் போகிறவர்களுக்கு

எத்தியோப்பியாவை 1974-இல் கைப்பற்றிய டெர்க் என்ற ராணுவ ஆட்சி, 1970-களின் பிற்பகுதியில் தன் எதிரிகளைக் கொன்று குவித்ததுதான் 'சிவப்புப் பயங்கரம்'. அதில் இறந்தவர்களுக்கான இந்த அருங்காட்சியகம் தலைநகர் அடிஸ் அபாபாவில் மெஸ்கெல் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது, 2010-இல் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உண்டியல் உண்டு, தாராளமாகப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம். வழிகாட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அந்தச் சிறைகளில் இருந்து மீண்டவர்களே இங்கே வழிகாட்டிகளாக இருந்திருக்கிறார்கள்.

உள்ளே போகும் முன் சதுக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1977 ஏப்ரலில் டெர்க் தலைவர் மெங்கிஸ்து ஹைலே மரியாம் சிவப்புத் திரவம் நிரப்பிய பாட்டில்களை உடைத்து, எதிரிகளின் ரத்தம் இப்படித்தான் ஓடும் என்று முழங்கிய இடம் இது.

கொல்லப்பட்டவர்களின் படங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் இளைஞர்கள். அடுத்து, புதைகுழிகளில் தோண்டியெடுத்த மண்டையோடுகள், எலும்புகள், உடைகள். அந்த அகழ்வுகளுக்கு உதவியது, தங்கள் நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடிப் பழகிய அர்ஜென்டினத் தடயவியல் குழு. சிறு பிள்ளைகளை இந்த அறைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

இவ்வளவு கனமான இடத்தில் ஒரு பெரிய குறை: கொடுமை எப்படி நடந்தது என்பது மனதில் பதிகிறது, அந்த ஆட்சி எப்படி விழுந்தது என்பது பதிவதில்லை. அதை நீங்கள்தான் படித்துவிட்டுப் போக வேண்டும்.

சுருக்கம் இது. 1977-இல் சோமாலியா எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதியான ஒகடேனுக்குள் படையெடுத்தபோது டெர்க் ஆட்சியைக் காப்பாற்றியவை சோவியத் ஆயுதங்களும் ஆயிரக்கணக்கான கியூப வீரர்களும். ஆனால் வடக்கே, அப்போது எத்தியோப்பியாவின் பகுதியாக இருந்த எரித்திரியாவிலும் அதை ஒட்டிய திக்ரே மாகாணத்திலும் எழுந்த கிளர்ச்சிகளை அந்த ஆயுதங்களால் அடக்க முடியவில்லை. எரித்திரியப் போராளிகள் ராணுவத்திடம் பிடித்த டாங்கிகளையும் பீரங்கிகளையும் வைத்தே அதனுடன் போரிட்டார்கள். 1988 மார்ச்சில் எரித்திரியாவில் ராணுவத்தின் முக்கியத் தளமான அஃபாபெட் வீழ்ந்தது. 1989 பிப்ரவரியில் ஷிரேயில் தோற்ற ராணுவம் திக்ரேயையே கைவிட்டது. 1990 பிப்ரவரியில் எரித்திரியாவின் மசாவா துறைமுகமும் போனது. அதற்குள் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஆயுத உதவியைக் குறைத்துவிட்டார், 1989-இல் கியூப வீரர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். 1991 மே 21 அன்று மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்கு ஓடினார். 24 அன்று எரித்திரியத் தலைநகர் அஸ்மாரா போராளிகள் கையில். லண்டனில் அமெரிக்கா நடத்திய பேச்சுவார்த்தை தொடங்கியதும், 28 அன்று திக்ரே தலைமையிலான கூட்டணிப் படை அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தது. டெர்க்கைத் தாங்கி நின்றது வெளிநாட்டுக் கைதான். அந்தக் கை விலகியபோது, களத்தில் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த ராணுவத்துக்கு வேறு பிடிமானம் இல்லை.

இந்தப் பாதியைக் கண்ணால் பார்க்க, சர்ச்சில் சாலையில் பிளாக் லயன் மருத்துவமனைக்கு எதிரே உள்ள திக்லாச்சின் நினைவுத் தூணுக்கும் போங்கள். 1984-இல் வட கொரியா கட்டிக் கொடுத்தது. உச்சியில் செந்நட்சத்திரம், கீழே புடைப்புச் சிற்பங்கள், ஒகடேனில் இறந்த கியூப வீரர்களின் படங்கள். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். சிற்பங்களில் மெங்கிஸ்து மக்களை வழிநடத்துவதாகச் செதுக்கியிருப்பதன் பொய் அப்போதுதான் உறைக்கும்.

கடைசியாக, நாட்காட்டி. உள்ளூர்க்காரர் யாராவது 1983-இல் டெர்க் விழுந்தது என்றால் தவறு என்று நினைக்காதீர்கள். எத்தியோப்பிய ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. கடிகாரமும் அப்படித்தான். திறக்கும் நேரம் கேட்டு 'மூன்று மணி' என்று பதில் வந்தால், அது காலை ஒன்பது.