ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்: பழைய குமிழா, டிஜிட்டல் பெட்டியா?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் 2009-இல் வாங்கியது. ஒற்றைக் கதவு, உள்ளே ஆர்-134ஏ வாயு. வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடும் தூரம். 2023 மே மாதம் ஒரு காலை, முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டில் வழிந்திருந்தது. கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. கம்ப்ரசர் மட்டும் சத்தமே இல்லை.

கெட்டது தெர்மோஸ்டாட், அதாவது குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் சுவிட்ச். அதிலிருந்து இந்த ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டு வகைத் தெர்மோஸ்டாட்டையும் மாட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் டிஜிட்டல் கண்ட்ரோலர், ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் பழையபடி குமிழும் மெல்லிய குழாயும் உள்ள கேப்பிலரி தெர்மோஸ்டாட். இப்போது இருப்பது அதுதான். கடலோரத்தில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

எதை வாங்கலாம் என்று யோசிக்கும் முன், கெட்டது தெர்மோஸ்டாட்தானா என்று பார்த்துவிடுங்கள். விளக்குக்குப் போகும் லைன் தனி. அதனால் விளக்கு எரிவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, கரண்ட் வருகிறது என்பதைத் தவிர. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தெர்மோஸ்டாட் பெட்டியைக் கழற்றுங்கள். எந்த வயர் எந்த லக்கில் (வயர் மாட்டும் தகட்டு முனை) இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், டெர்மினல் எண்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபேஸ் வரும் வயரையும் கம்ப்ரசருக்குப் போகும் வயரையும் ஒரு கனெக்டரில் இணைத்து, டேப் சுற்றி, பிறகு பிளக்கைச் செருகுங்கள். கம்ப்ரசர் உறுமினால் கோளாறு தெர்மோஸ்டாட்டில். அப்போதும் அமைதி என்றால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, அதிகச் சுமையில் அதை நிறுத்திவிடும் ஓவர்லோடு, இவை பக்கம் தேட வேண்டும்.

எனக்கு உறுமியது. கழற்றிய தெர்மோஸ்டாட்டில் மல்டிமீட்டரை வைத்தால், குமிழை எந்த எண்ணில் திருப்பினாலும் இணைப்பே காட்டவில்லை. மெல்லிய செம்புக் குழாய்க்குள் அடைத்திருக்கும் வாயு கசிந்துபோனால் இப்படித்தான் ஆகும். குளிர்ந்தால் அந்த வாயுவின் அழுத்தம் குறைந்து காண்டாக்ட் பிரியும், சூடேறினால் அழுத்தம் கூடிச் சேரும். வாயுவே இல்லை என்றால் எந்நேரமும் குளிராக இருப்பதாக எடுத்துக்கொண்டு பிரிந்தே கிடக்கும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், கீழ்த் தட்டில் வைத்த கத்தரிக்காய் கல்லாகிவிடும். அப்போது புதிது வாங்க ஓடாமல், குழாயின் நுனி ஃப்ரீசர் சுவரில் உள்ள கிளிப்பிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். நழுவியிருந்தால் அழுத்தி மாட்டினாலே போதும், ஒரு பைசா செலவில்லை.

2023-இல் நான் டிஜிட்டலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எத்தனை டிகிரி என்று எண்ணிலேயே காட்டும் என்பதுதான். எஸ்டிசி-1000 வகைப் பெட்டி. பின்னால் 8 டெர்மினல். 1, 2 பெட்டிக்கான கரண்ட். 3, 4 சென்சார். 5, 6 ஹீட்டருக்கு. 7, 8 குளிரூட்டலுக்கு. இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்றுதான்: 7, 8 தானாகக் கரண்ட் தராது, அது வெறும் சுவிட்ச். 1-இல் வரும் ஃபேஸிலிருந்து ஒரு துண்டு வயர் இழுத்து 7-இல் கொடுத்து, 8-இலிருந்து கம்ப்ரசர் வயருக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் திரையில் எண் வரும், பெட்டிக்குள் சுவிட்சாக இருக்கும் ரிலே டிக்கென்று அடிக்கும், கம்ப்ரசர் மட்டும் ஓடாது.

அதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரசரைச் சில நிமிடம் காத்திருக்க வைக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கிளம்பச் சொன்னால் கம்ப்ரசர் திணறி, ஓவர்லோடு தட்டிவிடும். எங்கள் ஊர் கரண்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஃப்ரிட்ஜுக்கு நல்ல ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் அதே தாமதத்தை அதுவே கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில் முதல் சிக்கல். நடுத்தட்டில் காற்றில் தொங்கவிட்டு 4 டிகிரி என்று வைத்தேன். உள்ளே காற்று 4 டிகிரிக்கு வருவதற்குள் ஃப்ரீசர் சுவர் எங்கேயோ போய்விடுகிறது. இரண்டே வாரத்தில் ஐஸ் டிரே வெளியே வராத அளவுக்குப் பனி அடைத்தது. பழைய தெர்மோஸ்டாட்டில் குமிழின் நடுவே டிஃப்ராஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினால் கம்ப்ரசர் நின்று, பனி உருகியதும் தானாகவே ஓடத் தொடங்கும். டிஜிட்டலில் அது கிடையாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறக்காமல் திரும்பச் செருக வேண்டும். அம்மா இரண்டு முறை மறந்துவிட்டார். அப்புறம் சென்சாரை ஃப்ரீசர் சுவரிலேயே ஒட்டி, மைனஸ் 18-இல் நிற்கவும் மைனஸ் 8-இல் மறுபடி ஓடவும் வைத்தேன். அதன் பிறகு ஒழுங்காக ஓடியது. அந்த எண்கள் என் ஃப்ரிட்ஜுக்கு ஒத்துவந்தவை, உங்களுடையதற்கு மாற்ற வேண்டியிருக்கலாம்.

சென்சார் வயர் கதவு ரப்பரின் இடுக்கு வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ரப்பர் சரியாக உட்காராமல் எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். துளை போடலாமே என்பார்கள். சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளைத்தால் வாயு போய், ஃப்ரிட்ஜே போய்விடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என் மனதை மாற்றியது பராமரிப்பு.

உப்புக் காற்று எங்கள் தெருவில் எதையும் விடாது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், மிக்ஸி அடியில் இருக்கும் ஸ்க்ரூ வரை எல்லாம் துருப்பிடிக்கும். டிஜிட்டல் பெட்டியை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துத்தான் மாட்டினேன். ஒரு வருடம் தாண்டியதும் காட்டும் எண் ஆட ஆரம்பித்தது. ஈரமான காலையில் ஓர் எண், வெயில் ஏறியதும் வேறோர் எண். சென்சார் என்பது குளிரக் குளிர மின்தடை கூடும் ஒரு சிறு பாகம். உப்பும் ஈரமும் சேர்ந்து அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே கரண்டுக்கு ஒரு திருட்டு வழி உண்டாக்கினால், தடை குறைவாகத் தெரியும். பெட்டி அதைச் சூடு என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் 18 தொட வேண்டிய இடத்தில் மைனஸ் 13-லேயே நிற்பதாகக் காட்டும், கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். அளவைத் திருத்த ஒரு செட்டிங் இருக்கிறது. 3 டிகிரி திருத்தினேன். அடுத்த மாதம் 5 தேவைப்பட்டது. நகர்ந்துகொண்டே இருக்கும் பிழையை எவ்வளவு திருத்தினாலும் தீராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்ட் போய், வந்து, மறுபடி போய், நிலையாக வந்த பிறகு பெட்டியில் திரை எரிந்தது, ரிலே அடிக்கவில்லை. ஊர் திரும்பியதும் திறந்து பார்த்தேன். போர்டின் அடியில் ரிலேயின் கால்களைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மாவு மாதிரி பூத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ஒரு கால் சாலிடரோடு சேர்ந்து அரித்துப் போயிருந்தது.

பெட்டி நின்றுபோன அன்று நான் நெய்வேலியில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது வருடமாக ஃப்ரிட்ஜ் பார்ப்பவர். பெட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்க பையன் போட்ட வயரிங். எது எங்க போவுதுன்னு தெரியாம நான் கை வெச்சா தப்பாயிடும். அவரே வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம். நான் வரும்வரை இரண்டு நாள் பாலும் மீனும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தன. நான் இல்லாத நாளில் அம்மாவால் ஒருவரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய முடியாத பொருளை அவர் சமையலறையில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கேப்பிலரி தெர்மோஸ்டாட்டும் உப்புக்குத் தப்பாது. ஆனால் அதில் அரிக்க இருப்பது லக்கும் காண்டாக்ட்டும்தான். லக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேவைப்பட்டால் மாற்றிவிடலாம். உள்ளே கெட்டுவிட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான், அதற்கு அரை மணி நேரம் போதும். எங்கள் பழைய குமிழ் 2009-இலிருந்து 14 வருடம், 2011 ‘தானே’ புயலையும் தாண்டி ஓடியது. புதிதாக மாட்டியதும் அவ்வளவு வருமா என்று இப்போதே சொல்ல முடியாது. போனால் அதே மெக்கானிக் வந்து அன்றைக்கே மாற்றிவிடுவார் என்பது மட்டும் உறுதி.

வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்பேர் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினேன். தகட்டில் அச்சடித்த மாடல் எண், குமிழ் உட்காரும் தண்டின் வடிவம், டிஃப்ராஸ்ட் பொத்தான், குழாயின் நீளம், இவை நான்கும் ஒத்துப்போக வேண்டும். குழாயைச் சடாரென்று மடக்கினால் அங்கேயே ஒடிந்து வாயு போய்விடும். மீதி நீளத்தைப் பெரிய வளையமாகச் சுருட்டி, நுனியை மட்டும் கிளிப்புக்குள் ஃப்ரீசர் சுவரோடு ஒட்டி உட்கார வையுங்கள். பச்சை எர்த் வயரைப் பழைய இடத்திலேயே மாட்ட மறக்காதீர்கள்.

நான் சொன்னது ஒற்றைக் கதவு, சாதாரண கம்ப்ரசர் உள்ள பழைய ஃப்ரிட்ஜுக்கு. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் அதற்கென்றே போர்டு இருக்கும், இந்த இரண்டில் எதையும் அதில் மாட்டக் கூடாது. பின்பக்க லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு, தீப்பொறி வரும் ரிலே எதையும் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவே வேண்டாம். பண்ருட்டி, வில்லியனூர் மாதிரி கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வீடுகளில் டிஜிட்டல் நன்றாகவே உழைக்கலாம், அங்கே நான் வைத்துப் பார்த்ததில்லை. பழைய டீப் ஃப்ரீசரைப் பூவோ தயிரோ வைக்க 5 டிகிரியில் ஓட்ட வேண்டும் என்றால் டிஜிட்டலைத்தான் சொல்வேன், ஃப்ரீசருக்கான குமிழ் அந்தச் சூட்டுக்கு ஏறவே ஏறாது.

மாட்டி முடித்த அன்று ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். குமிழ் 3-இல். மறுநாள் காலை 5 டிகிரி. அந்த மார்கழி முழுக்க 3-லேயே விட்டேன், அக்னி நட்சத்திரத்தில் 5-க்குத் திருப்பினேன். மூன்றாம் நாள் மாவிலும் அம்மாவுக்குத் தோசை புளிக்கவில்லை.