எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு கார் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறீர்களா? என் 61,300 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு எடுங்கள்

61,300 ரூபாய். நேற்று சாயங்காலம் சர்வீஸ் சென்டரில் கார்டைத் தேய்த்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. பாலிசி காலாவதி ஆகவில்லை, பிரீமியம் பாக்கி இல்லை, நான் குடித்துவிட்டு ஓட்டவில்லை, லைசென்ஸ் இல்லாமலும் ஓட்டவில்லை. இருந்தும் கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம், போனில் பாலிசி விற்றவன் என் பெயரில் நிரப்பிய ஒரு பொய்.

பாலிசி விற்ற தளத்தின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கும்போது போடாதே என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல கம்பெனிகளின் பிரீமியத்தை வரிசையாகக் காட்டி ஒப்பிட்டு வாங்கச் சொல்லும் ஆன்லைன் தளம் ஒன்று, அவ்வளவு தெரிந்தால் போதும். முதல் முறை கார் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் திருச்சி. எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் கார் இருந்ததில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி, கற்றுக்கொண்டதை மறக்காமல் ஓட்டிப் பழகுவதற்காக ஐந்து வருடம் முடிந்த பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறி வந்துவிட்டது. பழைய ஓனர் எடுத்திருந்த பாலிசி முடிய சில நாட்களே இருந்தன. எங்கள் தெருவில் இருக்கும் ஏஜெண்ட் ஒருவர் பதினோராயிரத்துச் சொச்சம் ஆகும் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஆன்லைனிலும் பார்க்கலாமே என்று அந்தத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டேன். போட்ட கையோடு போன் வந்தது.

பேசியவன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு தன்மையாகப் பேசினான். எனக்கு இருந்த ஒரே பயம் எல்.எல்.ஆர். பற்றித்தான். முழு லைசென்ஸ் வராமல் இன்சூரன்ஸ் செல்லுமா, இடித்துவிட்டால் பணம் வருமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் சலித்துக்கொள்ளவே இல்லை.

"எல்.எல்.ஆர். இருந்தா போதும் மேடம். பக்கத்து சீட்ல லைசென்ஸ் உள்ளவங்க உட்காரணும், முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு ஒட்டணும். அவ்ளோதான். எங்க அம்மாவே இப்பதான் மேடம் ஓட்டக் கத்துக்கறாங்க" என்றான்.

அவன் சொன்னதைச் சரிபார்த்தேன். அத்தனையும் உண்மை. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதி அதைத்தான் சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர். இந்த விதிப்படி ஓட்டினால் எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்று பாலிசியிலேயே டிரைவர் பற்றிய பகுதியில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் பயந்த விஷயத்தில் அவன் உண்மை சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். எனக்குக் கேட்கவே தெரியாத விஷயத்தில் அவன் பொய் வைத்தான். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிரீமியம் ஏழாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்றான். தெரு ஏஜெண்ட் சொன்னதைவிட இவ்வளவு குறைகிறதே, எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "ஆன்லைன்ல ஏஜெண்ட் கமிஷன் கிடையாது மேடம், அதான் குறையுது. கவர் அதே கவர்தான். வண்டியைப் பார்க்கக்கூட ஆள் வர வேண்டாம், இப்பவே பாலிசி வந்துடும்" என்றான். இடித்தால் முழுத் தொகையும் வருமா என்றதற்கு, "ஃபுல் கவர் மேடம்" என்றான். அப்புறம் ஒரு ஓ.டி.பி. வந்தது. சொன்னேன். அடுத்த சில நிமிடத்தில் பாலிசி மெயிலில் வந்து விழுந்தது.

இடித்த கதை சின்னதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணிகண்டம் பக்கம் உள்ளே போகும் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தப்பா. அவர் இருபது வருடத்துக்கும் மேலாக லைசென்ஸ் வைத்திருப்பவர். எல் போர்டு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. புதரிலிருந்து ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்து இடது பக்கம் ஒடித்ததில் வண்டி மைல்கல்லில் மோதி நின்றது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர் எல்லாம் போயின. எஸ்டிமேட் 61,300 ரூபாய்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து படம் எடுத்தார். ஆர்.சி., எல்.எல்.ஆர்., சித்தப்பாவின் லைசென்ஸ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு வெறும் மௌனம். நானே அழைத்துக் கேட்டபோது கிளைம் பிரிவில் ஒருவர், "எல்.எல்.ஆர். ஓட்டினா கஷ்டம்தான் மேடம்" என்று இழுத்தார். பாலிசியில் இருக்கும் டிரைவர் பகுதியைப் படித்துக் காட்டினேன். எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான் என்று 2004-லேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றேன். அது மூன்றாம் நபர், அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாள், இழப்பீடு கேட்ட வழக்குதான், ஆனாலும் அதைச் சொன்னதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "செக் பண்ணிட்டு கூப்பிடறோம்" என்றார். கூப்பிடவில்லை. கடிதம்தான் வந்தது.

முன்மொழிவில் (பாலிசிக்காக நிரப்பும் படிவத்தில்) நோ கிளைம் போனஸ் பற்றித் தவறான தகவல் தரப்பட்டுள்ளதால் சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான, பலன்கள் அனைத்தும் ரத்து என்று அதில் இருந்தது.

நோ கிளைம் போனஸ், சுருக்கமாக என்.சி.பி. ஒரு வருடம் கிளைம் எடுக்காமல் இருந்தால் அடுத்த வருடம் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு. முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. இந்தக் கழிவு வண்டிக்குச் சொந்தமானது கிடையாது, ஆளுக்குச் சொந்தமானது. காரை விற்றவர் தன் போனஸைத் தன் அடுத்த காருக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வாங்கியவருக்கு அதில் உரிமை இல்லை. முதல் முறையாகக் கார் வாங்கி இன்சூரன்ஸ் எடுக்கும் யாருக்கும் இந்தக் கழிவு பூஜ்யம்தான்.

என் பாலிசியில் 50 சதவீதம் என்று இருக்கிறது. வண்டி நம்பரைப் போட்டதும் பழைய ஓனரின் விவரம் திரையில் வந்திருக்கும். சமீபத்தில் உரிமையாளர் மாறியிருக்கிறாரா என்று அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு அவன் 'இல்லை' என்று போட்டிருக்கிறான். ஆர்.சி. இப்போதுதான் என் பெயருக்கு மாறியது என்று பேச்சின் ஆரம்பத்திலேயே அவனிடம் சொல்லியிருந்தேன்! அந்த 'இல்லை'யால்தான் வண்டியைப் பார்க்க ஆள் வர வேண்டியதில்லை என்று ஆயிற்று, பிரீமியமும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைந்தது. அவனுக்கு ஒரு விற்பனை கணக்கில் ஏறியது. எனக்கு 61,300 ரூபாய் போயிற்று.

உடனே தளத்தை அழைத்தேன். எனக்கு விற்றவனின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "பாலிசியில இருக்கறது நீங்க ஓ.டி.பி. கொடுத்து ஒத்துக்கிட்ட விவரம் மேடம்" என்றார். உங்கள் ஆள் பேசியதைப் பதிவு செய்கிறோம் என்று ஆரம்பத்தில் குரல் வந்ததே, அந்தப் பதிவைக் கேளுங்கள், நான் ஓனர் மாறியதைச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அது உள் பயிற்சிக்கு மட்டும்தானாம், வாடிக்கையாளருக்குத் தர மாட்டார்களாம். நீங்களாவது கேளுங்கள் என்றேன். "டீமுக்கு ஃபார்வர்ட் பண்றேன் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

மெயில் போட்டால் தானாக வரும் பதில். டிக்கெட் எண் கொடுக்கிறார்கள். மறுபடி கேட்டால் பழைய டிக்கெட் மூடப்பட்டுவிட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்டால், தப்பு தளத்தினுடையது, அவர்களைப் பாருங்கள் என்கிறது. தளத்தைக் கேட்டால், கிளைம் கம்பெனியின் முடிவு, நாங்கள் வெறும் இடைத்தரகர் என்கிறது. விற்கும்போது "நாங்க இருக்கோம் மேடம், கிளைமுக்கு ஒரு போன் போதும்" என்று சொன்னவர்கள்தான் இவர்கள்.

கம்பெனியையும் நான் விடுவதாக இல்லை. என்.சி.பி. கொடுத்தால் பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் முந்தைய பாலிசி கொடுத்த கம்பெனிக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்று வண்டி இன்சூரன்ஸுக்கான பழைய விதித்தொகுப்பான இந்திய மோட்டார் டாரிஃபில் சொல்லியிருக்கிறது. அப்போதே பார்த்திருந்தால் மூவாயிரத்துச் சொச்சத்தைக் கட்டச் சொல்லியிருக்கலாம், கட்டியிருப்பேன். பிரீமியம் வாங்கும்போது பார்க்காதவர்கள் வண்டி இடித்த பிறகு தோண்டுகிறார்கள்.

"ஃபுல் கவர்" என்றதும் பொய்தான். ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பம்பர் டு பம்பர் என்று சொல்வார்களே, பாகங்கள் பழசானதற்காகக் கழிக்காமல் தரும் கவர், அது என் பாலிசியில் கிடையவே கிடையாது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் என்று 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் வேறு. ஆக, கிளைம் ஒழுங்காக நடந்திருந்தாலும் 61,300 முழுதாக வந்திருக்காது. இதையும் அவன் சொல்லவில்லை.

இப்போது கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகிறேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிராகரித்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2021-லிருந்து இன்சூரன்ஸ் தரகர்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதிந்திருக்கிறேன். போனில் சொல்ல வேண்டுமானால் 155255. என்னைப் போல் மாட்டியவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். கோபத்தில் ஒழுங்காகக் கோர்க்க வரவில்லை, தோன்றியதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் முதல் காருக்கு எடுக்கும் முதல் பாலிசி என்றால் என்.சி.பி. பூஜ்யம். யாராவது கழிவு போட்டுக் காட்டினால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். ஓ.டி.பி. கேட்டால், நிரப்பிய படிவத்தை முதலில் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். உரிமையாளர் மாற்றம், போன பாலிசியில் கிளைம், என்.சி.பி. இந்த மூன்று இடத்தையும் நீங்களே படித்த பிறகு மட்டும் கொடுங்கள். போனில் சொன்ன எதையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும், தேதி தாண்டி ஓட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருகிறவரின் லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். பழைய ஓனரின் பாலிசி நடப்பில் இருந்தால், பெயர் மாறிய 14 நாளுக்குள் அதை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே பாலிசி எடுத்துவிட்டவர்கள் இன்று இரவே அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து என்.சி.பி. வரியைப் பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் இருந்தால் தளத்தை அழைக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கே மெயில் போட்டு, வித்தியாசத் தொகையைக் கட்டி, பாலிசியைத் திருத்தியதற்கான ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கைக்கு வரும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.