சொக்சோவா, வழக்கா, உடனடிச் சமரசமா? உயிரிழப்புக்குப் பின் ஒரு தோட்டக் குடும்பத்தின் முன்னுள்ள வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு குடும்பத் தலைவர் பிறருடைய தவற்றால் இறந்துபோனால், கருமாதி முடிவதற்குள் வீட்டில் மூன்று பேச்சுகள் எழுகின்றன. சொக்சோவுக்கு, அதாவது ஊழியர்களுக்கான அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு, மனுச் செய்யுங்கள் என்பார் ஒருவர். வழக்கறிஞரைப் பார்த்து வழக்குப் போடுங்கள் என்பார் மற்றொருவர். மூன்றாமவர், பெரும்பாலும் குடும்பத்துக்கு அறிமுகமே இல்லாதவர், ஒரு தாளை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டால் சில வாரங்களில் பணம் கைக்கு வந்துவிடும் என்பார். 2021ஆம் ஆண்டில் என் அண்ணன் செம்பனை ஆலையில் இரவு வேலையை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, முதலாம் கூட்டரசு சாலையில் வெளியூர் லாரி ஒன்று மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. அந்த மூன்று பேச்சுகளும் எங்கள் வீட்டுக் கூடத்திலும் எழுந்தன, அண்ணி என்னைப் பார்த்து, "எதில் தம்பி கையெழுத்துப் போடுவது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தெரியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் சொக்சோ. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேலையிடத்தில் நேரும் மரணம் மட்டுமல்லாமல், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் மரணமும் வேலை தொடர்பான விபத்தாகவே கருதப்படுகிறது. இந்த வழியின் பெரிய பலம், தவறு யாருடையது என்ற கேள்வி இதில் எழுவதே இல்லை என்பதுதான். அண்ணன் வேகமாகப் போனாரா, லாரி தடம் மாறி வந்ததா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. வேலைக்குரிய பயணம் என்று நிறுவினால் போதும். அதே வேளையில் பயணத்தின் நடுவே சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். அண்ணன் வழியில் கடைக்குப் போனாரா என்று எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டதன் காரணம் இதுவே.

சார்ந்தோருக்கான உதவித்தொகை, இறந்தவரின் அனுமானச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு. அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம் வாங்கிய ஒருவரின் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 1,800 ரிங்கிட் ஆகிறது. மனைவிக்கு வாழ்நாள் முழுதும், பிள்ளைகளுக்கு 21 வயதுவரை, முதல் பட்டப்படிப்பில் இருந்தால் அது முடியும்வரை இத்தொகை தொடரும். ஒரே தடவையில் வரும் பெருந்தொகை உறவினரின் கைமாற்றிலும் கடனிலும் கரைந்துவிடுவதைத் தோட்டத்தில் பலமுறை பார்த்தவன் என்ற முறையில், மாதந்தோறும் வரும் இந்தப் பணத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குத்தகையாளரின் கீழ் வேலை செய்தவர்களின் குடும்பங்கள், "அவர் சொக்சோ கட்டவில்லை, அதனால் நமக்கு எதுவும் இல்லை" என்று வாளாவிருந்துவிடுகின்றன. சந்தா கட்டப்பட்டதா என்பதைவிட, சந்தா கட்டப்பட வேண்டிய ஊழியராக அவர் இருந்தாரா என்பதே அடிப்படை. கட்டத் தவறியது முதலாளியின் குற்றம். அதற்காக மனுச் செய்யாமல் விடக்கூடாது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் முதலாளியின் கடமையே.

ஆனால் சொக்சோவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, வேலை தொடர்பான விபத்துக்காக, காப்பீடு பெற்ற ஊழியரோ அவரைச் சார்ந்தவர்களோ முதலாளி மீதும், அந்த முதலாளியின் பிற ஊழியர் மீதும் வேறு சட்டத்தின் கீழ் இழப்பீடு கோர முடியாது. ஆலையில் பாதுகாப்பு மூடி இல்லாத இயந்திரத்தில் சிக்கி ஒருவர் இறந்தாலும், தோட்டத்து டிராக்டரைச் சக தொழிலாளி கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்தாலும், சொக்சோ பணத்தோடு குடும்பத்தின் உரிமை முடிந்துவிடுகிறது. முதலாளியின் அலட்சியம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் இதே நிலைதான். ஒரு தாயின் முன் அமர்ந்து இதை விளக்குவது எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது. முதலாளி குற்றவியல் விசாரணைக்கு உள்ளாகலாம், அபராதமும் கட்டலாம். ஆயினும் குடும்பம் அவர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்கும் கதவு அடைபட்டிருக்கிறது.

ஆகவே சொக்சோவா வழக்கா என்று கேட்கும் முன், தவறு செய்தவர் தோட்டத்துக்கு உள்ளே இருப்பவரா வெளியாரா என்று கேட்க வேண்டும். அண்ணனை மோதிய லாரி வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனால் சொக்சோ தொகையை வாங்கிக்கொண்டே லாரிக்காரர் மீது வழக்கும் தொடுக்க எங்களுக்கு உரிமை இருந்தது. ஒன்றை வாங்கினால் மற்றொன்று போய்விடும் என்று எங்களிடம் அடித்துச் சொன்னவர்கள் பலர். அவர்களை நம்பி ஏறத்தாழ ஓராண்டைத் தொலைத்தோம்.

வழக்குக்கு அடிப்படை 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கும், 8ஆம் பிரிவு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் சார்பான கோரிக்கைக்கும் உரியது. 8ஆம் பிரிவின்படி கோருவதற்கு உயர் நீதிமன்றத்தில் அந்தச் சொத்தை நிர்வகிக்க அனுமதிக்கும் நிர்வாக அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டியிருக்கும். தோட்டக் குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்படுவது 7ஆம் பிரிவே. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்காகவே அது வழக்கை அனுமதிக்கிறது. உடன்பிறந்தவர் என்பதற்காக மட்டும் யாருக்கும் அதில் இடமில்லை. அண்ணன் சம்பளத்தில்தான் நான் படித்தேன். சட்டத்தின் கண்ணில் அது ஓர் இழப்பே அல்ல. இதை நான் மனக்குறையோடுதான் எழுதுகிறேன்.

2019 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் தொகைகளை மாற்றியது. உறவை இழந்த துயருக்கென்றே தரப்படும் துயர் இழப்பீடு 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. வருமான இழப்பைக் கணக்கிடும் வயது எல்லை 55இலிருந்து 60ஆனது. இறந்தவருக்கு வயது 30 அல்லது அதற்குக் குறைவு என்றால் 16 ஆண்டுகளின் வருமான இழப்பு கணக்கிடப்படும். 31 முதல் 59 வரையானால், 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். அண்ணனுக்கு 11 ஆண்டுகள். அவருடைய மாத வருமானம் 2,000 ரிங்கிட்டில் சொந்தச் செலவாக 700 ரிங்கிட்டைக் கழித்தால் குடும்பத்தின் மாத இழப்பு 1,300 ரிங்கிட். 11 ஆண்டுகளுக்கு 171,600 ரிங்கிட். பழைய சட்டத்தில் எட்டரை ஆண்டுகளுக்கு 132,600 ரிங்கிட்தான் கிடைத்திருக்கும். சவ அடக்கச் செலவையும் தனியே கோரலாம். காப்புறுதிப் பணத்தையும் ஊழியர் சேமநிதியையும் காட்டி இந்தத் தொகையைக் குறைக்க முடியாது.

ஆனால் 60 வயதை எட்டியவர் இறந்தால் வருமான இழப்பு என்று எதுவும் இல்லை. 63 வயதிலும் பால்மரம் சீவிப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்கு இந்தச் சட்டம் மதிப்பே தரவில்லை.

வழக்கின் பலவீனம், தவற்றை நிறுவும் சுமை குடும்பத்தின் மேல் இருப்பது. லாரி ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும் குடிமை வழக்கைத் தனியே நடத்தித்தான் ஆக வேண்டும். போலீஸ் அறிக்கை, சம்பவ இடத்து வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளச் சீட்டுகள் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். வார இறுதியில் கோழி விற்ற வருமானத்துக்குச் சீட்டு இல்லையென்றால் அதை நிறுவுவது கடினம். இறந்தவர் மீதும் ஒரு பகுதித் தவறு இருப்பதாக நீதிமன்றம் கண்டால் அந்த விழுக்காடு கழிக்கப்படும்: 20 விழுக்காடு என்றால் 171,600 ரிங்கிட் 137,280 ஆகிவிடும். சாலை விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். தீர்ப்புத் தொகையை லாரியின் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டுமானால், வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த ஏழு நாட்களுக்குள்ளோ அதற்கு அறிவிப்புத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 7ஆம் பிரிவு வழக்குக்கு இறந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தான் அவகாசம்.

மூன்றாவது வழியான சமரசத்தை நான் ஒட்டுமொத்தமாக மறுக்கவில்லை. வழக்குப் பதிவாகி, ஆவணங்கள் பரிமாறப்பட்ட பின், கணக்குப் பார்த்துச் செய்துகொள்ளும் சமரசம் பல மாத அலைச்சலைக் குறைக்கும்; எங்கள் வழக்கும் அப்படியே முடிந்தது. நான் எதிர்ப்பது சவக்கிடங்கு வாசலிலேயே தொடங்கும் சமரசத்தை. ரன்னர் என்று நாம் அழைக்கும் இடைத்தரகர்கள், துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி, மூலச் சான்றிதழ்களை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். எங்களிடமிருந்தும் ஒருவர் எடுத்துச் சென்றார். அவற்றை மீட்கவே மாதக்கணக்கில் அலைந்து, இறுதியில் இரண்டு ஆண்டு பத்து மாதம் கடந்தபின்தான் ஈப்போவில் வழக்கைப் பதிய முடிந்தது. கிடைக்கும் பணத்தில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதற்கே 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் தரவில்லை. சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவரைப் பார்த்தால் சொக்சோ மனுவை நிரப்பவாவது துணை கிடைக்கும்.

பிள்ளைகள் 18 வயதுக்கு உட்பட்டவர்களானால், அவர்கள் பங்கைத் தொடும் எந்தச் சமரசத்துக்கும் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். தாய் மட்டும் போட்ட கையெழுத்து அவர்களைக் கட்டுப்படுத்தாது. அவசரத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட குடும்பங்கள் இதை ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

என் தெரிவைக் கேட்டால், சொக்சோ மனுவை முதல் மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும். தவறு வெளியாருடையது என்றால் ஓராண்டுக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். சமரசம் அதற்கும் பிறகுதான். இந்த வரிசையில் நடக்க ஒரு சான்றிதழ் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, பதிவை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட தம்பதிகள் நம் லயங்களில், தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில், இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் நாளுக்குப் பின் நடந்த திருமணத்துக்குப் பதிவுச் சான்று இல்லையென்றால், சொக்சோவிலும் நீதிமன்றத்திலும் அந்தப் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே, நீங்கள் அவருடைய மனைவிதானா என்பதாக இருக்கும். அண்ணியும் அண்ணனும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்துக்காகத் திருமணத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடந்த அந்த ஒற்றைத் தாளைத்தான் வழக்கறிஞர் முதலில் கேட்டார்.