உன்னிச்சைக்குக் கீழே சுவாட்: சில போகங்களின் அனுபவம்

சுவாட் இலவசம். அமெரிக்க வேளாண் துறையும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் வளர்த்த, ஒரு நீரேந்துப் பகுதியில் தண்ணீரும் மண்ணும் பசளையும் எப்படி நகரும் என்று கணிக்கும் கணினி மாதிரி (SWAT) அது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் வைத்தே ஓட்டலாம். உன்னிச்சைக் குளத்துக்கு மேலே காடு சேனையாகி (வெட்டி எரித்துப் பயிரிடும் நிலமாகி), கீழே மேட்டுநிலம் வயலானால் மட்டக்களப்பு வாவிக்கு வரும் தண்ணீரில் மண்ணும் நைதரசனும் எவ்வளவு கூடும் என்று பார்க்க எடுத்தேன். பல போகம் கடந்தும் கைவிடவில்லை. லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுத அதை நம்பமாட்டேன். இரண்டு நிலப்பயன்பாடுகளை ஒப்பிட நம்புவேன்.

பெரிய தலையிடி தட்டை நிலம். வாவிப் பக்கம் வரவர, விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் பிழையே நிலத்தின் சாய்வைவிடப் பெரிதாகிவிடும். சுவாட்டின் வரைபடத்தில் வயலுக்கு நடுவே அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஆறு ஓடும்! ஆற்றையும் வடிச்சல் வாய்க்கால்களையும் நாமே வரைந்து பதிக்கவேண்டும்.

அடுத்தது குளம். அதைச் சேர்க்காமல் ஓட்டினால் மேலே வெட்டிய சேனையின் வண்டல் முழுக்க வாவிக்கு வந்துவிடும். உன்னிச்சைக் குளத்தை நீர்த்தேக்கமாகச் சேர்த்தால், வண்டலிலும் அதோடு ஒட்டிவரும் பொசுபரசிலும் கணிசமான பங்கு குளத்திலேயே அடைந்துவிடும். கரைந்து வரும் நைத்திரேற்று அப்படி நிற்காது. குளத்துக்குக் கீழே போடும் யூரியாவோ வடிச்சலோடு வாவிப் பக்கம்தான் போகும். எத்தனை ஏக்கர் காடு அழிந்தது என்று மட்டும் கேட்டால் போதாது; குளத்துக்கு மேலா கீழா என்றும் கேட்கவேண்டும்.

நிலப்பயன்பாட்டு வரைபடத்தை மட்டும் மாற்றி விடை தேடுகிறவர்கள் 2021ஐ நினைத்துப் பார்க்கலாம். இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோதும் வயல் வயலாகத்தான் இருந்தது; வரைபடத்தில் ஒரு நிறமும் மாறவில்லை. தானியங்கிப் பசளை வசதியை விட்டுவைத்திருந்தால், நைதரசன் குறையும்போதெல்லாம் சுவாட் தன்பாட்டில் போட்டுக்கொண்டே இருக்கும். கொடுத்துவைத்த பயிர்! வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானையிடம் விதைப்பு, பசளை, தண்ணீர் கட்டும் திகதிகளைக் கேட்டு நாமே உள்ளிடுவதுதான் வழி.

சுவாட் நீரேந்துப் பகுதியைத் துணைப்பகுதிகளாகப் பிரிக்கும். ஒரு துணைப்பகுதிக்குள் மண், சரிவு, நிலப்பயன்பாடு ஒன்றானால், வாய்க்கால் ஓரத்து வயலும் தூரத்து வயலும் பழைய சுவாட்டுக்கு ஒன்றுதான். அதன் புதிய பதிப்பான சுவாட் பிளஸ் இதில் பரவாயில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே அதற்கே போங்கள். அப்புறம், தண்ணீர்ப் பரிசோதனையை மாரி வெள்ளத்திலும் செய்யுங்கள். வெயில்கால அளவீடுகளை மட்டும் வைத்து மாதிரியைத் திருத்தினால், மண் அள்ளிவரும் அந்தச் சில நாட்களைப் பற்றிச் சுவாட் சொல்வது சரியா பிழையா என்று பார்க்கவே வழியிருக்காது.